தாய் மேல் பழி போடுமுன்... மரபணு ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?



போன வருஷம் ஆடி மாதம் கம்பம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்தது, உள்கடன் பேசியாயிற்று, கூட்ட நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு சகோதரி மட்டும் எழுந்திருக்கவில்லை. மஞ்சப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். "அக்கா, இதுல என்ன எழுதிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. நான்தான் எம்புள்ளைக்கு சீக்கைக் குடுத்தேன்னு எழுதிருக்காம்" என்றார்.

அவர் விடிகாலை ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். மகனுக்கு ஆறு வயது. பிள்ளை நடந்ததே இரண்டு வயசுக்கு மேல்தான். இன்னும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. குழுவில் கடன் வாங்கி, கம்மலை அடகு வைத்து, வெளியூரில் ஒரு பெரிய மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். ஏழு பக்க ரிப்போர்ட், எல்லாம் இங்கிலீஷ். அதைக் கொடுத்தவர் நின்ற இடத்திலேயே, "எக்ஸ் குரோமோசோம்ல ஒரு மாற்றம் இருக்கு, அம்மா வழியா வர்றது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு வரி வீடு வந்து சேர்ந்தது. மாமியார், "எங்க வம்சத்துல இப்படி ஒரு புள்ள கெடையாது. ஒங்க பக்கத்துச் சீக்கு" என்றார். அதோடு நிற்கவில்லை. தங்கைக்கு நிச்சயம் வரை வந்த சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் தள்ளிப் போட்டார்கள். "அக்காவுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்கும்ல" என்று கேட்டார்களாம்.

ரிப்போர்ட்டை நாங்களும் புரட்டிப் பார்த்தோம். எங்களுக்கும் புரியவில்லை. பிறகு மரபியல் படித்த ஒரு டாக்டரிடம் அந்தச் சகோதரியோடு நாங்களும் போய் உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். நம் குழுக்களில் பேச்சு வராத, படிப்பு ஏறாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருக்கும் தாய்மார்கள் இன்னும் பலர் உண்டு. அவர்களுக்கு இது உதவும்.

முதலில் எக்ஸ், ஒய் என்றால் என்ன?

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உடம்பை எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பு 46 கட்டுகளாக இருக்கும். அந்தக் கட்டுக்குப் பெயர் குரோமோசோம். கட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு குறிப்பும் ஒரு மரபணு. 23 கட்டு அம்மா கொடுத்தது, 23 கட்டு அப்பா கொடுத்தது.

இதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. மகனுக்கு அப்பா ஒய் கொடுப்பார். ஆகவே மகனுடைய ஒரே எக்ஸ் அம்மாவிடமிருந்து வந்ததுதான். மகளுக்கு அம்மாவிடமிருந்து ஒரு எக்ஸ், அப்பாவிடமிருந்து ஒரு எக்ஸ்.

எக்ஸ் கட்டில் மூளை வளர்ச்சிக்கான குறிப்புகள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்று பழுதானால் பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் கைகொடுக்கும். பல சமயம் அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. பையனுக்கு இருப்பதே ஒன்று, மாற்று கிடையாது. அதனால் சில அறிவுத்திறன் குறைபாடுகள் பெண்ணைவிட ஆணிடம் அதிகம் தெரிகின்றன.

பழுதான ஒரு எக்ஸ் உள்ள தாய்க்கு ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிறப்பது மகன் என்றால் பழுது போய்ச் சேர பாதி வாய்ப்பு, சேராமல் இருக்கவும் பாதி வாய்ப்பு. மகள் என்றால் அவளும் தாயைப் போல் சுமப்பவளாக இருக்க பாதி வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு தடவையும் பூவா தலையா புதிதாகப் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

இதில் பழி எங்கே இருக்கிறது?

யோசித்துப் பாருங்கள். அந்தத் தாய்க்கு அந்த எக்ஸ் எங்கிருந்து வந்தது? அவருடைய அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்தது. கையெழுத்துப் போட்டு யாரும் வாங்கி வரவில்லை. கர்ப்பத்தில் எதைத் தின்றார், கிரகணத்தில் வெளியே போனாரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எக்ஸ் வழி என்றாலே அம்மா வழி என்பதும் தவறு. ரெட் என்று ஒரு பாதிப்பு இருக்கிறது. வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட் 1966-ல் இதைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும். ஆறு மாதம், ஒரு வருஷம் வரை நன்றாக வளர்ந்த குழந்தை, பேசிய ஓரிரு வார்த்தையையும் இழந்து, கையைக் கழுவுவது போல் பிசைந்துகொண்டே இருக்கும். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதை அமெரிக்காவில் ஹூடா ஸோக்பி என்ற பெண் டாக்டரின் குழுவினர் 1999-ல் கண்டுபிடித்தார்கள். இந்தக் குழந்தைகளின் தாய்மாரைப் பரிசோதித்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அந்த மாற்றம் இருப்பதில்லை. குழந்தையிடம் புதிதாக ஏற்பட்டது அது. அதுவும் பெரும்பாலும் அப்பாவின் விந்தணுவில் ஏற்பட்டது! அதற்காக அப்பாவைப் பழிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவரும் தெரிந்து செய்ததில்லை.

சொந்தத்தில் கட்டியதாலா?

நம் பக்கம் தாய்மாமனைக் கட்டுவதும் மாமன் மகன், அத்தை மகனைக் கட்டுவதும் உண்டு. பிள்ளைக்கு ஒரு குறை என்றால் உடனே "சொந்தத்துல கட்டினதால" என்று சொல்லிவிடுகிறோம்.

சொந்தத்தில் கட்டினால் சில நோய்களின் வாய்ப்பு கூடுவது உண்மைதான். ஒரே பழுது அம்மா பக்கமும் அப்பா பக்கமும் இருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் வருகிற நோய்கள் அவை. எக்ஸ் வழி நோயின் கணக்கு வேறு. மகனுக்கு அப்பாவின் எக்ஸ் போவதே இல்லை. ஆகவே அப்பா சொந்தமா அசலா என்பது மகனுக்கு வருகிற எக்ஸ் வழி நோயை மாற்றாது. அசலில் கட்டியவர்களுக்கும் இது வரும். எந்த நோய் என்று தெரியாமல் கல்யாணத்தின் மேல் பழி போடுவதும் தவறு, அசலில் கட்டினோம் அதனால் வராது என்று இருப்பதும் தவறு.

நமக்குத் தெரிய வேண்டிய ஃப்ரஜைல் எக்ஸ்

பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில் அதிகம் காணப்படுவது ஃப்ரஜைல் எக்ஸ். உலக அளவில் நாலாயிரம் முதல் ஏழாயிரம் ஆண்களில் ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 1943-ல் இங்கிலாந்தில் மார்ட்டின், பெல் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரே குடும்பத்தில் 11 ஆண்களுக்கு இந்தக் குறைபாடு இருப்பதை எழுதி, தாய் வழியாக வருகிறது என்று காட்டினார்கள். மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1991-ல்.

பழைய கிராமபோன் ரெக்கார்டில் கீறல் விழுந்தால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் இல்லையா? அதே மாதிரி இந்த மரபணுவில் மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். 45-க்குக் கீழே இருந்தால் சரி. 55 முதல் 200 வரை இருந்தால் அவர் சுமப்பவர். 200-ஐத் தாண்டினால் மரபணு வேலையை நிறுத்திவிடும். பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும், கண்ணைப் பார்க்காது, கையை உதறும், சத்தம் கேட்டால் மிரளும். முகம் நீண்டும் காது பெரிதாயும் இருப்பது வயது கூடக்கூடத்தான் தெரியும்.

சுமப்பவர்களுக்கும் சில அடையாளம் உண்டு. சுமக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிடலாம். சுமக்கும் ஆண்களில் சிலருக்கு ஐம்பது வயதுக்கு மேல் கை நடுக்கமும் நடையில் தள்ளாட்டமும் வரும். தாத்தாவுக்குக் கை நடுக்கம், அம்மாவுக்குச் சீக்கிரம் தீட்டு நின்றது, பேரனுக்குப் பேச்சு வரவில்லை. நாம் மூன்றையும் மூன்று வேறு சங்கதி என்று நினைப்போம். ஒரே நூலாக இருக்கவும் வாய்ப்புண்டு. டாக்டரிடம் போகும்போது இதையெல்லாம் சொல்ல வேண்டும். நம் மாநிலத்து மக்களிடம் இந்த எழுத்து எத்தனை முறை திரும்ப வருகிறது என்று சென்னைப் பல்கலைக்கழக மரபியல் துறையினர் ஆராய்ந்து 2012-ல் கட்டுரையும் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இப்போது நிறையப் பேர் செய்கிற 'எக்ஸோம்' என்ற பெரிய பரிசோதனையில் ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் படிக்கிறார்கள். ஆனால் ஃப்ரஜைல் எக்ஸில் திரும்ப வரும் எழுத்தை அது சரியாக எண்ணாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு, செலவும் குறைவு. "பெரிய டெஸ்ட்டே பண்ணிட்டோம், ஒண்ணும் இல்ல" என்று இருந்துவிடக் கூடாது.

ரிப்போர்ட்டில் உள்ள ஐந்து சொற்கள்

மரபணுவில் மாற்றம் இல்லாத மனிதரே கிடையாது. உங்களுக்கும் எங்களுக்கும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஆகவே மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த மாற்றம்தான் காரணம் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்க வேண்டும். 2015 முதல் உலகம் முழுக்கப் பெரும்பாலான ஆய்வகங்கள் ஐந்து தரமாகப் பிரித்து எழுதுகின்றன.

'பேத்தோஜெனிக்' – நோய்க்குக் காரணம் என்று உறுதியானது.

'லைக்லி பேத்தோஜெனிக்' – காரணமாக இருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

'வி.யூ.எஸ்.' – காரணமா இல்லையா என்று சொல்லப் போதிய சாட்சி இல்லை.

'லைக்லி பினைன்' – பெரும்பாலும் தீங்கில்லாதது.

'பினைன்' – தீங்கில்லாதது.

நம் சகோதரியின் ரிப்போர்ட்டில் இருந்தது நடுவில் உள்ள வி.யூ.எஸ். அதாவது ஆய்வகமே "எங்களுக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறது. அதை "உங்களிடமிருந்து வந்தது" என்று தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்கள். இதில் எத்தனை நாள் அவர் தூங்காமல் இருந்தார் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சாட்சியை எப்படி எடை போடுகிறார்கள்?

நம் குழுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பெட்டியில் 500 ரூபாய் குறைகிறது. உடனே பொருளாளரைத் திருடி என்று சொல்லிவிடுவோமா? மாட்டோம். ரசீதைப் பார்ப்போம், பேரேட்டைப் பார்ப்போம், வங்கி பாஸ்புக்கைப் பார்ப்போம். மூன்றும் ஒத்துப் போனால்தான் முடிவு. மரபணுவிலும் இதே தணிக்கைதான். நான்கு கேள்வி கேட்கிறார்கள்.

முதல் கேள்வி: அந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? இதையே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. முன்பு ஒரு குடும்பத்தில் ஒரு மாற்றத்தைப் பார்த்ததும், "அறிவுத்திறன் குறைபாட்டுக்கான மரபணு கிடைத்துவிட்டது" என்று எழுதிவிட்டார்கள். ஆரோக்கியமானவர்களிடம் அது இருக்கிறதா என்று பார்க்க அப்போது போதிய வசதி இல்லை. 2013-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எக்ஸ் குரோமோசோமில் இப்படிப் பெயர் வாங்கிய 106 மரபணுக்களை எடுத்தார்கள். பொது மக்களிடம் படிக்கப்பட்ட 10,563 எக்ஸ் குரோமோசோம்களோடு ஒப்பிட்டார்கள். பத்து மரபணுக்களின் மேல் பலத்த சந்தேகம் எழுந்தது. நோய் உண்டாக்கும் என்று சொன்ன மாற்றங்கள் சாதாரண மக்களிடமும் கணிசமாக இருந்தன. நூற்று ஆறில் பத்து! அந்தப் பத்தை நம்பி எத்தனை வீட்டில் எத்தனை பேச்சு நடந்திருக்குமோ. இப்போது கிளின்ஜென் என்ற அமைப்பில் நிபுணர்கள் கூடி ஒவ்வொரு மரபணுவுக்கும் சாட்சி உறுதியா, வலுவா, குறைவா, மறுக்கப்பட்டதா என்று தரம் போட்டு எல்லோரும் பார்க்க வெளியிடுகிறார்கள்.

இரண்டாம் கேள்வி: அந்த மாற்றம் ஆரோக்கியமானவர்களிடமும் இருக்கிறதா? திராட்சைப் பந்தலில் ஒரு கொடி காய்கிறது. இலையில் ஒரு புள்ளி தெரிகிறது. அந்தப் புள்ளிதான் காரணம் என்று நினைக்கிறோம். பக்கத்துத் தோட்டத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்த்து நிற்கும் கொடியிலும் அதே புள்ளி இருந்தால்? வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும். இதில் நமக்கு ஒரு கஷ்டம் உண்டு. உலகத்தில் சேர்த்து வைத்திருக்கும் மரபணுத் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது. நம் ஊர்க்காரர்களிடம் சாதாரணமாக இருக்கும் மாற்றம் அவர்கள் பட்டியலில் அபூர்வமாகத் தெரியும். அபூர்வம் என்றதும் சந்தேகம் வரும். நம் மக்களுக்கு வி.யூ.எஸ். அதிகம் வர இதுவும் ஒரு காரணம். மத்திய அரசின் ஜீனோம் இந்தியா திட்டத்தில் நாடெங்கும் பல சமூகங்களிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுவை முழுதாகப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். இது போன்ற தகவல் சேரச் சேர நம் ரிப்போர்ட்டுகள் தெளிவாகும்.

மூன்றாம் கேள்வி: குடும்பத்தில் மாற்றமும் நோயும் சேர்ந்தே போகிறதா? எக்ஸ் வழி நோயில் இதுதான் பெரிய சாட்சி. இங்கே முக்கியமானவர் தாய்மாமன். பிள்ளையின் அம்மாவுக்கு அந்த மாற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் மட்டும் ஒன்றும் முடிவாகாது, அவருக்கு இரண்டு எக்ஸ் இருக்கிறதே. ஆனால் அவருடைய அண்ணன் தம்பிக்கு ஒரே எக்ஸ்தான். அவரிடமும் அதே மாற்றம் இருந்து, அவர் நன்றாகப் படித்து, வேலை செய்து, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தால், அந்த மாற்றம் குற்றவாளி இல்லை என்பதற்கு அவரே சாட்சி. தாய்வழித் தாத்தா இருந்தாலும் அப்படியே. மாறாக, அதே குறைபாடு உள்ள மாமனிடம் அந்த மாற்றம் இருந்து, நன்றாயிருக்கும் மாமனிடம் இல்லாமல் இருந்தால், சந்தேகம் வலுக்கும். அம்மாவிடமே இல்லாமல் பிள்ளைக்குப் புதிதாக வந்திருந்தாலும் சந்தேகம் கூடும்.

நான்காம் கேள்வி: பிள்ளையின் நிலைமை அந்த நோயோடு ஒத்துப் போகிறதா? அந்த மரபணு கெட்டால் தலை சிறுக்கும், வலிப்பு வரும் என்று எழுதியிருக்கிறது. நம் பிள்ளைக்கு இரண்டும் இல்லை என்றால் யோசிக்க வேண்டும். அதனால்தான் காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

நம் சகோதரிக்கு என்ன ஆயிற்று?

டாக்டர் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று தலைமுறை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். யார் யாருக்கு என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார். சகோதரிக்கு ஒரு அண்ணன். தேனியில் டூவீலர் மெக்கானிக். டாக்டர் அவரைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டு வரச் சொன்னார். அவர் முதலில் தயங்கினார். "எனக்கும் ஏதாவது இருக்குன்னு எழுதிட்டா எம்புள்ளைக கதி என்னா?" என்றார். மதினிதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். "ஒன் தங்கச்சி மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லு" என்றாராம்.

ரத்தம் கொடுத்து ஒன்றரை மாதம் காத்திருந்தோம். அண்ணனுக்கும் அதே மாற்றம் இருந்தது! முதலில் சகோதரி அழுதுவிட்டார். டாக்டர்தான், "அழாதீங்கம்மா, இது நல்ல சேதி. உங்க அண்ணன் நல்லா இருக்காருல்ல?" என்று விளக்கினார். ஆரோக்கியமான இந்தியர்கள் சிலரிடமும் அந்த மாற்றம் பதிவாகியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஆய்வகம் வி.யூ.எஸ். என்பதை 'லைக்லி பினைன்' என்று மாற்றி எழுதிக் கொடுத்தது. ஃப்ரஜைல் எக்ஸுக்கான தனிப் பரிசோதனையும் செய்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை.

அப்படியானால் பிள்ளைக்கு ஏன் இப்படி? காரணம் இன்னும் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறோம். எல்லாப் பரிசோதனையும் செய்தும் காரணம் தெரியாத பிள்ளைகள் நிறைய உண்டு. இரண்டொரு வருஷம் கழித்து ரிப்போர்ட்டை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி நடக்கிறது. இப்போது பையன் "அம்மா வா" என்கிறான். தங்கையின் சம்பந்தப் பேச்சு மறுபடி தொடங்கியிருக்கிறது, இன்னும் முடியவில்லை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்குப் பேரனைத் தானே பஸ்ஸில் கூட்டிப் போகிறார்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

வி.யூ.எஸ். என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கருவைக் கலைப்பதா வைப்பதா என்று முடிவெடுக்கக் கூடாது. "பையன்னா வேணாம், பொண்ணுன்னா வச்சுக்கலாம்" என்று யாராவது ஸ்கேன் சென்டர் காட்டினால் போகவும் கூடாது. கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ம் வருஷச் சட்டப்படி குற்றம். குடும்பத்தில் உறுதியான எக்ஸ் வழி நோய் இருந்தால், பதிவு பெற்ற மரபியல் மையத்தில், உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு, கருவுக்கு அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க அதே சட்டம் அனுமதிக்கிறது. அதற்குக் குடும்பத்தில் உள்ள மாற்றம் எது என்பது முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே ஆலோசனைக்குப் போவது நல்லது.

நாம் என்ன செய்யலாம்?

• ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். "அவுக அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று நாள் கடத்த வேண்டாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

• பயிற்சியைத் தொடங்க மரபணு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அந்த ரிப்போர்ட் கட்டாயம் இல்லை. பிள்ளையின் குறைபாட்டை மதிப்பிட்டுத்தான் அட்டை கொடுக்கிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

• பரிசோதனைக்குப் பணம் கட்டுமுன் கேளுங்கள்: எந்தப் பரிசோதனை? அதில் ஃப்ரஜைல் எக்ஸ் சேருமா? முடிவை உட்கார்ந்து விளக்கப் போவது யார்? விளக்க ஆள் இல்லாத இடத்தில் கடன் வாங்கிப் பரிசோதனை செய்ய வேண்டாம். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மரபியல் ஆலோசனைக்குத் தனிப் பிரிவு உண்டு.

• ரிப்போர்ட் வந்ததும் கேளுங்கள்: ஐந்து தரத்தில் இது எது? இந்த மரபணுவுக்குச் சாட்சி எவ்வளவு வலு? குடும்பத்தில் வேறு யாரைப் பரிசோதித்தால் தெளிவாகும்?

• மூலக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அன்று தெரியாதது இன்று தெரிந்திருக்கலாம்.

• அடுத்தவர் வீட்டு ரிப்போர்ட்டை ஊரில் பேசாதீர்கள். ஒரு வார்த்தையில் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும்.

சகோதரிகளே, காசு குறைந்தால் கணக்குப் பார்க்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பதை நம் குழுக்களில் இத்தனை வருஷமாகக் கற்றுக்கொண்டோம். பிள்ளை விஷயத்திலும் அதையே கடைப்பிடிப்போம். உறுதியான எக்ஸ் வழி நோய் என்றே தெரிந்தாலும் அது தாயின் தப்பு இல்லை. உறுதி ஆகாதபோது பழி சொல்வது இரட்டைப் பாவம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். உங்கள் குழுவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தத் தாய் பேசட்டும், மற்றவர்கள் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு யார் போவது என்பதைத் தீர்மானமாகவே நோட்டில் எழுதுங்கள். தனியாகப் போகும் பெண்ணிடம் நின்ற இடத்தில் ஒரு வரி சொல்லி அனுப்பிவிடுவார்கள். கூட இருவர் போனால் நாற்காலி போட்டு விளக்குவார்கள். இது எங்கள் அனுபவம்.